ஆடு புலி ஆட்டத்தில் ஆடு ஏன் தோற்கிறது?

ஆடு புலி ஆட்டம் ஆடத் தெரியும் என்று சொல்பவர்களில் பாதிப் பேர் புலியை மட்டும்தான் கேட்டு வாங்குவார்கள். ஆட்டை எடுத்தால் தோற்றுவிடுவோம் என்று ஒரு பயம். பதினைந்து காயை வைத்துக்கொண்டு மூன்று காயிடம் தோற்பது கொஞ்சம் அவமானமாகவும் இருக்கும். உண்மையில் ஆட்டின் பக்கம் பலவீனமான பக்கம் இல்லை. அதை எடுப்பவர் தப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டு ஆடுகிறார், அவ்வளவுதான். அவர் கண் புலி மேல் இருக்கிறது. இருக்க வேண்டியது காலிப் புள்ளிகள் மேல்.

அதற்கு முன்னால் கட்டம் சரியாக இருக்க வேண்டும். பாதி வீடுகளில் கட்டத்தையே தப்பாகப் போட்டுவிட்டு, பிறகு விதியைப் பற்றிச் சண்டை போடுவார்கள்.

கட்டம் போடுவது

ஒரு முழு சார்ட் பேப்பர் போதும். 12 அங்குலத்துக்கு ஓர் அடிக்கோடு. அதன் நடுவிலிருந்து நேர் மேலே 14 அங்குலத்தில் உச்சிப்புள்ளி. அடிக்கோட்டில் 0, 4, 8, 12 அங்குலத்தில் நான்கு புள்ளி வைத்து, உச்சியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நேர்கோடு இழுங்கள். இவை நான்கு கால்கள். பிறகு அடிக்கோட்டிலிருந்து 3 அங்குலம், ஐந்தரை அங்குலம், 8 அங்குலம் உயரத்தில் மூன்று படுக்கைக் கோடுகள். ஒவ்வொன்றும் 14 அங்குல நீளம், இரண்டு பக்கமும் ஒரே அளவாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இந்த மூன்று கோட்டின் இடது முனைகளைச் சேர்த்து ஒரு நெடுக்கோடு, வலது முனைகளைச் சேர்த்து ஒன்று. ஒரு முக்கோணத்தின் குறுக்கே ஒரு செவ்வகம் படுத்திருப்பது போல வரும்.

இப்போது கோடுகள் சந்திக்கிற இடங்களை எண்ணிப் பாருங்கள். உச்சியில் 1, மூன்று படுக்கைக் கோட்டிலும் தலா 6, அடிக்கோட்டில் 4. மொத்தம் 23. இது வராவிட்டால் கட்டம் தப்பு. வழக்கமாக நடக்கும் தப்பு, செவ்வகத்தை ஒடுக்கமாகப் போட்டுவிடுவது. அப்போது வெளிக்கால் செவ்வகத்தின் மூலையை இடித்துக்கொண்டு போகும், இரண்டு புள்ளி ஒன்றாகிவிடும், 23 என்பது 21 ஆகிவிடும். கீழ்க்கோட்டில் முக்கோணத்தின் அகலம் ஒன்பதரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. செவ்வகம் அதைவிட நன்றாக அகன்றிருக்க வேண்டும் என்பதால்தான் 14. தரையில் சாக்பீஸால் போடுகிறவர்கள் அளவெல்லாம் பார்க்க வேண்டாம், செவ்வகத்தைத் தாராளமாக நீட்டினால் போதும். பழைய கோயில் மண்டபத் தரையிலோ திண்ணைக் கல்லிலோ இந்தக் கட்டம் செதுக்கியிருந்தால் அதிலும் முதலில் 23 வருகிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டே உட்காருங்கள். தேய்ந்துபோன கோடு ஒன்று ஆட்டத்தையே மாற்றிவிடும்.

காய்: ஆட்டுக்கு 15, புலிக்கு 3. ஆட்டுக்குப் புளியங்கொட்டையும் புலிக்குக் கூழாங்கல்லும்தான் பழைய வழக்கம். கொட்டையை அப்படியே வைத்தால் வழுக்கும். தாயம் ஆடத் தேய்ப்பது போல ஒரு பக்கம் தரையில் தேய்த்துவிட்டால் அசையாமல் உட்காரும். கேரம் காயை எடுக்கலாம் என்று தோன்றும், ஆனால் அதில் ஒரு நிறத்துக்கு 9 தான். ஒரு ரூபாய் நாணயம் 15, பத்து ரூபாய் நாணயம் 3 என்று எடுத்துக்கொள்வது இன்றைக்குச் சுலபம்.

இனி புள்ளிகளுக்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் பேசவே முடியாது. மூன்று படுக்கைக் கோட்டையும் மேல், நடு, கீழ் என்போம். ஒவ்வொன்றிலும் இடமிருந்து வலமாக 0 முதல் 5 வரை. 0-ம் 5-ம் செவ்வகத்தின் ஓரங்கள், 1 முதல் 4 வரை கால்கள். அடிக்கோட்டில் அடி 1 முதல் அடி 4 வரை. எல்லாவற்றுக்கும் மேலே உச்சி.

விதியில் சண்டை வரும் இடங்கள்

புலிகள் முதலிலேயே உச்சி, மேல் 2, மேல் 3-ல் உட்கார்ந்துவிடும். ஆட்டுக்காரர் ஓர் ஆடு வைப்பார், புலிக்காரர் ஒரு புலியை நகர்த்துவார், இப்படி மாறி மாறி. 15 ஆடும் இறங்கும் வரை வைத்த ஆட்டை நகர்த்தக் கூடாது. இறங்கிய பிறகு ஒரு முறைக்கு ஓர் ஆடு, கோட்டின் வழியே பக்கத்துக் காலிப் புள்ளிக்கு, எந்தத் திசையிலும். புலியும் அப்படியே நகரும். அதோடு பக்கத்தில் ஆடு இருந்து, அதே கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால் தாண்டி அங்கே இறங்கி ஆட்டை வெட்டும். முதல் ஆடு இறங்கியதிலிருந்தே வெட்டலாம். வெட்டுப்பட்ட ஆடு திரும்பி வராது. மூன்று புலிக்கும் நகர வழியில்லாவிட்டால் ஆடு ஜெயித்தது.

பிரச்சினை வருவது உச்சியில்தான். உச்சியில் நான்கு கால்கள் சேர்கின்றன, ஆனால் எந்தக் கோடும் உச்சியைக் கடந்து போகவில்லை, எல்லாம் அங்கே முடிகின்றன. அதனால் மேல் 1-ல் இருக்கிற புலி உச்சியில் இருக்கிற ஆட்டைத் தாண்டி மேல் 4-க்கு வர முடியாது. தாண்டுவது எப்போதும் ஒரே நேர்கோட்டில். வளைந்து தாண்டுவது கிடையாது. இரண்டு ஆடு அடுத்தடுத்து இருந்தால் இரண்டையும் சேர்த்துத் தாண்ட முடியாது. புலி புலியைத் தாண்டாது.

ஊருக்கு ஊர் மாறுகிற விதிகள் உண்டு. ஒரே முறையில் தொடர்ந்து இரண்டு வெட்டு எடுக்கலாமா, வெட்டு இருந்தால் எடுத்தே தீர வேண்டுமா, எத்தனை ஆடு போனால் புலி ஜெயித்தது, இதெல்லாம் உட்காரும் முன் பேசிக்கொள்ள வேண்டியவை. என் தேர்வு: ஒரு முறைக்கு ஒரு வெட்டு, வெட்டுவது புலியின் விருப்பம், 5 ஆடு போனால் புலிக்கு வெற்றி. பத்து வரை வெட்ட வேண்டும் என்று ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் ஐந்துக்கு மேல் அது வெறும் இழுவை. இன்னொன்று, ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் சமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பயந்த புலிக்காரர் இரண்டு புள்ளிக்கு நடுவில் போய் வந்துகொண்டே இருப்பார்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாத ஆட்டம் என்பதால் எப்போதும் இரண்டு ஆட்டமாக ஆடுங்கள், பக்கம் மாற்றி. யார் அதிகம் வெட்டினார்கள் என்று பார்த்தால் நியாயமாக இருக்கும்.

எந்தப் புள்ளி என்ன விலை

23 புள்ளியும் ஒன்று போலத் தெரியும். ஒன்றுபோல இல்லை. ஓர் ஆட்டை வெட்ட வேண்டுமானால் அது நிற்கும் புள்ளி ஏதாவது ஒரு கோட்டின் நடுவில் இருக்க வேண்டும், இந்தப் பக்கம் புலி நிற்க, அந்தப் பக்கம் இறங்க. கோடுகள் எல்லாம் முடிகிற புள்ளியில் நிற்கிற ஆட்டை எந்தப் புலியாலும் தொட முடியாது. அப்படி 7 புள்ளிகள்: உச்சி, செவ்வகத்தின் நான்கு மூலை (மேல் 0, மேல் 5, கீழ் 0, கீழ் 5), அடிக்கோட்டின் இரண்டு முனை (அடி 1, அடி 4).

அடுத்து 4 புள்ளிகளில் ஒரே ஒரு கோட்டில்தான் ஆபத்து: நடு 0, நடு 5, அடி 2, அடி 3. மீதி 12 புள்ளியும் கால்களும் படுக்கைக் கோடுகளும் வெட்டிக்கொள்ளும் உள்புள்ளிகள். அங்கே நான்கு பக்கமிருந்தும் வெட்டு வரும். புதிதாக ஆடுகிறவர் முதல் ஆட்டை எங்கே வைப்பார் என்று கவனித்துப் பாருங்கள், அநேகமாக இந்தப் பன்னிரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். புலியை மறிக்கிற எண்ணம்.

இதோ அப்படி ஓர் ஆரம்பம். ஆடு கீழ் 2-ல். புலி மேல் 3-லிருந்து மேல் 4. ஆடு நடு 1-ல். இப்போது எந்த ஆட்டுக்கும் நேரடி ஆபத்து இல்லை என்று ஆட்டுக்காரர் நிம்மதியாக இருப்பார். புலி மேல் 2-லிருந்து நடு 2-க்கு ஒரு படி இறங்கும். அங்கிருந்து கீழே பார்த்தால் கீழ் 2-ல் ஆடு, அதன் பின்னால் அடி 2 காலி. இடது பக்கம் பார்த்தால் நடு 1-ல் ஆடு, அதன் பின்னால் நடு 0 காலி. ஒரே புலி, இரண்டு வெட்டு. அடி 2-ல் ஆடு வைத்தால் நடு 1 போகும், நடு 0-ல் வைத்தால் கீழ் 2 போகும். மூன்றாவது முறையிலேயே ஓர் ஆடு கணக்கில் போய்விட்டது. ஒரு காலிச் சந்தியைச் சுற்றித் துணையில்லாத இரண்டு ஆடு நின்றால் இதுதான் கதி. புலிக்காரர் ஆட்டம் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பதும் இதைத்தான். ஒற்றை வெட்டை ஆட்டுக்காரர் மூடிவிடுவார், இரட்டையை மூட அவரிடம் ஒரு முறைதானே இருக்கிறது?

இதில் அந்தத் துணை என்கிற சொல்தான் விஷயம். ஓர் ஆட்டின் வழியே போகும் ஒரு கோட்டில், அதன் இரண்டு பக்கத்தில் ஏதாவது ஒன்றில் இன்னோர் ஆடு இருந்தால் அந்தக் கோட்டில் வெட்டே கிடையாது. ஒரு பக்கம் ஆடு நின்றால் புலி அங்கே இறங்கவும் முடியாது, அங்கிருந்து புறப்படவும் முடியாது. இரண்டு பக்கமும் அடைக்க வேண்டும் என்று பலர் நினைத்து ஆட்டை வீணாக்குகிறார்கள். ஒன்று போதும். உள்புள்ளியில் இரண்டு கோடு போவதால் இரண்டு துணை, கோட்டுக்கு ஒன்று.

வேலி

இந்த ஒரே கணக்கை வைத்துக்கொண்டு 15 ஆட்டையும் சேதமில்லாமல் இறக்கலாம். முதலில் மூலைகள். கீழ் 0, கீழ் 5, அடி 1, அடி 4, மேல் 0, மேல் 5. இவை எந்த வரிசையிலும் போகலாம், வெட்டே கிடையாது. மூலை விழுந்த பிறகு நடு 0, நடு 5, அடி 2, அடி 3. ஒவ்வொன்றுக்கும் அதன் ஒரே கோட்டில் ஒரு மூலையாடு துணையாக இருக்கிறது, ஆகவே இவையும் வெட்டுப்படாது. பத்து ஆட்டில் மூன்று பக்கமும் வேலி.

மீதி 5. இனி உள்ளே இறங்க வேண்டும், ஆனால் வேலியைத் தொட்டுக்கொண்டு. கீழ் 1-ஐப் பாருங்கள்: படுக்கைக் கோட்டில் கீழ் 0 துணை, காலில் அடி 1 துணை. அங்கே வைக்கிற ஆடு பத்திரம். அது விழுந்ததும் நடு 1: படுக்கையில் நடு 0, காலில் கீழ் 1. பத்திரம். அடுத்து மேல் 1: மேல் 0-ம் நடு 1-ம். அதுவும் பத்திரம். இதே போல வலது பக்கம் கீழ் 4, நடு 4. பதினைந்து முடிந்தது, ஒரு வெட்டு இல்லை.

புலிக்காரர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாரா? கீழ் 1-ல் ஒரு புலி, கீழ் 4-ல் ஒரு புலி என்று வந்து உட்கார்ந்துகொள்வார். அப்போது கீழேயிருந்து வளர முடியாது. ஆனால் கீழே அத்தனை புலியும் வந்துவிட்டால் உச்சி காலியாக இருக்குமே. உச்சியில் ஓர் ஆடு. அதற்கு ஆயுசு கெட்டி. அதைத் துணையாகக் கொண்டு மேல் 1, பிறகு நடு 1 என்று மேலிருந்து இறங்கலாம். புலி உச்சியை விட்டுத் தராவிட்டால் கீழ்ப்பக்கம் காவல் ஒன்று குறையும். இரண்டையும் மூன்று புலியால் காப்பது கஷ்டம். இதைத் தெரிந்த புலிக்காரர் உச்சியில் ஒன்றை நிறுத்திவிட்டு மற்ற இரண்டால்தான் கீழே தொந்தரவு கொடுப்பார்.

வேலி கட்டும்போது ஒரு புலி மூலைக்குள் புகுந்தால் பதற வேண்டாம். அடி 1-ல் புலி உட்கார்ந்தால் வேலியை அடி 4-லிருந்து இடது பக்கமாகக் கட்டி வாருங்கள்: அடி 4, அடி 3, அடி 2. அந்தப் புலிக்கு வெளியே வர இரண்டே வழி, அடி 2-ம் கீழ் 1-ம். அடி 2, அடி 3, கீழ் 1, நடு 1 ஆகிய நான்கிலும் ஆடு நின்றால் அது அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

ஐந்து காலி

15 ஆடு, 3 புலி, ஆக 18. புள்ளி 23. வெட்டே விழாமல் ஆடு இறங்கி முடித்தால் கட்டத்தில் 5 காலி. ஆட்டம் உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது, நிறையப் பேர் இங்கேதான் கோட்டையும் விடுகிறார்கள். வேலி கல்லு மாதிரி நிற்கிறது, ஆனால் ஆட்டுக்காரரும் ஒவ்வொரு முறையும் எதையாவது நகர்த்தியே ஆக வேண்டும். நகர்த்தினால் துணை கலையும்.

அந்த 5 காலியும் இப்போது புலிகள் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக ஆட்டின் முதுகுப் பக்கம், எந்தப் புலியும் நடந்தும் தாண்டியும் வர முடியாத இடத்துக்குத் தள்ளுவதுதான் ஆட்டின் முழு வேலை. ஐந்தும் பின்னால் வந்துவிட்டால் முன்னால் புலிக்கு நகர இடமில்லை. புலியை யாரும் துரத்திப் பிடிப்பதில்லை, காலியைக் கடத்துகிறோம். வெட்டு ஒவ்வொன்றும் புலிக்கு ஒரு காலியைக் கூடுதலாகக் கொடுக்கிறது, அதனால்தான் ஓர் ஆடு போவதன் வலி பத்து முறை கழித்துத் தெரியும்.

மேலே சொன்ன வரிசையில் 15 ஆடும் இறங்கிவிட்டன, புலிகள் உச்சி, மேல் 3, நடு 2-ல் இருக்கின்றன, ஆடு நகர வேண்டிய முறை என்று வையுங்கள். காலி: மேல் 2, மேல் 4, நடு 3, கீழ் 2, கீழ் 3. காசை வைத்துப் பார்த்துக்கொண்டே படிப்பது நல்லது.

ஆடு அடி 3-லிருந்து கீழ் 3-க்கு ஏறுகிறது. படுக்கைக் கோட்டில் கீழ் 4 துணை. ஆனால் காலில் அதன் கீழே அடி 3 இப்போது காலி. புலி உடனே நடு 2-லிருந்து நடு 3-க்கு வருகிறது, அடுத்து கீழ் 3-ஐத் தாண்டி அடி 3-ல் இறங்கலாம். ஆடு அடி 3-ஐ நிரப்ப வேண்டும். இரண்டு ஆட்டால் முடியும், அடி 2 அல்லது அடி 4. அடி 2-ஐ நகர்த்தினால் கீழ் 2-க்கு நேர் கீழே ஓட்டை விழும், கீழ் 2 காலியாக இருப்பதால் புலி அதன் வழியே உள்ளே நடந்தே வரும். அடி 4-ஐ நகர்த்தினால் ஓட்டை மூலையில். அதன் இரண்டு வாசலும் அடி 3, கீழ் 4, இரண்டிலும் ஆடு. தாண்டி இறங்க வேண்டுமானால் புலி அடி 2-லோ நடு 4-லோ நிற்க வேண்டும், அங்கேயும் ஆடு. ஆகவே அடி 4-லிருந்து அடி 3. ஒரு காலி முதுகுப் பக்கம் வந்துவிட்டது.

புலி திரும்ப நடு 2-க்கு வருகிறது. இப்போது கீழ் 2-ஐ அடைக்க அடி 2-ஐ ஏற்றத் தோன்றும். ஏற்றினால் அடுத்த நொடி வெட்டு: நடு 2-ல் புலி, கீழ் 2-ல் ஆடு, அடி 2 காலி. சரியான நகர்வு கீழ் 1-லிருந்து கீழ் 2. காலில் அடி 2 துணை, படுக்கையில் கீழ் 3 துணை. விட்டு வந்த கீழ் 1-ஐ நம்பியிருந்தது யார்? நடு 1. அதற்குக் காலில் மேல் 1 இன்னும் துணையாக இருக்கிறது, கவலையில்லை. கீழ் 1-ஐச் சுற்றி நான்கு பக்கமும் ஆடு. இரண்டாவது காலியும் பின்னால். மூன்றே நகர்வில் முன்னால் இருந்த 5 காலி 3 ஆகிவிட்டது, எந்தப் புலிக்கும் எந்த வெட்டும் இல்லை.

கவனித்தீர்களானால், ஒவ்வொரு நகர்வுக்கு முன்னும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த ஆட்டின் மேல் சாய்ந்து நிற்பது யார்? போகிற இடம் பத்திரமா என்று எல்லாரும் பார்ப்பார்கள். விட்டுப்போகிற இடத்தைப் பார்க்க மறப்பார்கள். தோற்ற ஆட்டங்களில் முக்கால்வாசி இந்த மறதிதான்.

பின்னால் வந்த காலிக்கு இன்னொரு பயன் உண்டு. அடி 1-லிருந்து கீழ் 1, பிறகு திரும்ப அடி 1 என்று ஆடு சும்மா நகர்ந்துகொண்டிருக்கலாம், முன்வரிசை கலையாது. முறையைக் கழிப்பதற்கு இடம் கிடைத்துவிட்டது. புலிக்கு அந்த வசதி குறையக் குறைய, அது வேண்டாத இடத்துக்கு நகர்ந்தே ஆக வேண்டிய நிலை வரும். மூன்றாம் முறை சமன் என்ற விதி வைத்திருந்தால் இந்தச் சும்மா நகர்வை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் எத்தனை ஆடு வேண்டும்? மூன்று புலியும் ஆரம்பித்த இடத்திலேயே, உச்சி, மேல் 2, மேல் 3-ல், அடைபட வேண்டுமானால் 10 ஆடு போதும்: மேல் 0, 1, 4, 5, நடு 1, 2, 3, 4, கீழ் 2, 3. மீதி ஐந்தும் எங்கே நின்றாலும் சரி. ஐந்து வெட்டோடு ஆட்டத்தை முடித்துக்கொள்ளலாம் என்று முன்னால் சொன்னதற்குக் காரணமும் இதுதான், அதற்கு மேல் ஆட்டிடம் கைச்சரக்கு இல்லை. புலிகள் இன்னும் முட்டாள்தனமாக மேல் 0, நடு 0, கீழ் 0 என்று ஓரச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தால் வெறும் 6 ஆடு போதும். புலி புலியைத் தாண்டாது என்பதால் கூட்டமாக இருக்கிற புலிகள் ஒன்றையொன்று அடைத்துக்கொள்கின்றன.

புலிப் பக்கம்

இங்கே சொல்ல அவ்வளவு இல்லை, மேலே சொன்னதைத் தலைகீழாகப் படித்தால் பாதி வந்துவிடும். ஒரு தனிப் புலியை அடைக்க மூலையில் 4 காய், ஓர நடுவில் (நடு 0) 4, அடி 2-ல் 5, மேல் 1 அல்லது கீழ் 1-ல் 6, மேல் 2, கீழ் 2, நடு 1-ல் 7, நடு 2, நடு 3, உச்சியில் 8. ஆகவே புலி நடுவில் நிற்க வேண்டும், ஓரத்துக்குப் போனால் வெட்டுக்காக மட்டும் போய் உடனே திரும்ப வேண்டும். உச்சியின் எட்டு கொஞ்சம் ஏமாற்று: அங்கிருந்து மேல்வரிசை ஆடுகளைத்தான் வெட்ட முடியும். ஆனாலும் உச்சியை விட்டால் ஆட்டுக்கு ஒரு பத்திரமான இடத்தைத் தானம் செய்த மாதிரி.

வெட்டு கிடைக்கிறதே என்று மூலைக்குள் தாண்டுவது புலிக்காரர் செய்யும் பெரிய தப்பு. மேல் 2-லிருந்து மேல் 1-ஐத் தாண்டி மேல் 0-ல் இறங்கினால், நடு 0-லும் கீழ் 0-லும் ஏற்கெனவே ஆடு இருக்கும்போது, ஆட்டுக்காரர் மேல் 1-ஐயும் மேல் 2-ஐயும் நிரப்பினால் கதை முடிந்தது. நல்ல ஆட்டுக்காரர் வேண்டுமென்றே இப்படி ஓர் ஆட்டைப் பலி கொடுப்பார். ஒரு பலிக்கு ஒரு புலி லாபம்தான். இரண்டாவது பலி எனக்குச் சரியாகப் படவில்லை, காலி ஏழாகிவிடும், மீதி இரண்டு புலியை அடைக்க ஆடு இழுபறியாக இருக்கும். விதியில் வெட்டுவது புலியின் விருப்பம் என்று வைத்திருந்தால் புலிக்காரருக்கு இந்தப் பொறியிலிருந்து தப்ப வழியுண்டு. கட்டாய வெட்டு என்றால் ஆட்டின் பக்கம் தராசு நன்றாகவே சாயும்.

ஒரு புலி அடைபட்டதும் மற்ற இரண்டின் சுமை கூடுகிறது. இரண்டு அடைபட்டால் மூன்றாவது ஒவ்வொரு முறையும் நகர்ந்தே தீர வேண்டும், நல்ல இடத்தில் நிற்க விடமாட்டார்கள். அதனால் முதல் புலி அடைபடப்போகிறது என்று தெரிந்ததும், மற்ற இரண்டையும் அதை அடைக்கிற ஆடுகளின் பின்பக்கம் கொண்டுபோங்கள். அடைக்கிற ஆடுகளில் ஒன்றுக்குத் துணை போனாலும் பூட்டு திறந்துவிடும்.

நேபாளத்தின் பாக் சால் இதன் உறவுக்கார ஆட்டம். அங்கே 25 புள்ளி, 4 புலி நான்கு மூலையில், 20 ஆடு. எல்லாம் இறங்கினால் காலி ஒன்றே ஒன்று. இரண்டு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் அது சமனில் முடியும் என்று கணினியை வைத்து நிறுவிவிட்டார்கள். அங்கே புலிகளை மூலையில் உட்கார வைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள், ஆனால் அங்கே சதுரக் கட்டத்தில் மூலைவிட்டக் கோடுகளும் உண்டு என்பதால் மூலைப் புலிக்கு மூன்று வாசல். நம் கட்டத்தில் மூலைக்கு இரண்டே வாசல். அங்கே ஆடிப் பழகியவர் இங்கே வந்து மூலையில் புலியை நிறுத்தினால், ஆட்டுக்காரர் மறுப்புச் சொல்லாமல் வேலியைக் கட்டத் தொடங்கலாம்.